இரண்டாவது தடவை

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்சி மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு மணி பார்த்தாள். ஒன்பது இருபது. கம்ப்யூட்டரைப் போட்டது ஒன்பதுக்கு. இந்த இருபது நிமிடத்தில் அது கொடுத்ததெல்லாம் ஒரு வேளாங்கண்ணி மாதா படமும், அதன்மேல் அரைகுறையாக வந்து நின்ற பத்துப் பதினைந்து ஐகான்களும்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் ஒரே சீராக இரைந்தது. அதற்கு மேலே குரல் எடுத்துப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேற்று மதியம் வரை அவர் அமிர்தநாதன், வயது ஐம்பத்தொன்பது, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் பெர்மனென்ட் தொழிலாளி. நேற்று அவருக்கு ஆஃப். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், "நெஞ்ச அடைக்குது லூசி" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வரும்போது பேச்சில்லை. நான்சி சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியபோது பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டிருந்தார்கள்.

மந்தாரக்குப்பம் ஸ்டுடியோக்காரர் பதினொரு மணிக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். தெருமுனையில் கட்டும் ஃப்ளெக்ஸுக்கு ஒன்று, பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஃப்ரேம் போட்டு ஒன்று. ஐடி கார்டில் ஒரு படம் இருக்கத்தான் இருந்தது. "அது வேணாம், திருடன புடிச்சு நிக்க வெச்சு எடுத்த மாதிரி இருக்குது" என்று அம்மா அழுகைக்கு நடுவிலும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். போன வருடம் பங்குத் திருவிழாவில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாரே, அதுதான் வேண்டும். அதை எடுத்தது அண்ணன் ஜாஸ்பரின் போனில். அந்தப் போன் தொலைந்துபோய் ஆறு மாதம். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததால் தப்பித்தது. ஆக, அப்பாவின் முகம் இப்போது இந்த ஓட்டை கம்ப்யூட்டரின் கையில் இருந்தது.

நான்சிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்ததே நல்லது என்று தோன்றியது. ஹாலில் உட்கார்ந்தால் அந்தப் பெட்டியின் கண்ணாடி மூடியைப் பார்க்க வேண்டும்.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கியது இந்தக் கம்ப்யூட்டர். ஜாஸ்பர் கடலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தையைப் போலத் தூக்கி வந்தான். நாலு பேருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட். அம்மா ஜாக்கெட் டிசைன் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்பாள். அப்பா பழைய ஞானப்பாட்டுகளின் வரிகளைத் தேடி எடுத்து நோட்டில் எழுதுவார். ஜாஸ்பர் வேலை அறிவிப்பு, கிரிக்கெட். வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஆளுக்கொன்றை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். யாரும் ஒரு தடவைகூடப் பெருக்கவில்லை. போன மாதம் அம்மா போனில், "தொறக்கவே மாட்டேங்குது பாப்பா, நீதான் பாக்கணும்" என்று சொன்னபோது, இங்கிருந்தே சரிபண்ணித் தருகிறேன், கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உட்கார் என்றாள் நான்சி. ஜாஸ்பர்தான் போனை வாங்கி, "அதெல்லாம் வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று தட்டிக் கழித்தான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் தெரிந்தது. சென்னையில் அவளுக்கு இதுதான் வேலை. ஒரு கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு, "சார், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்கிறவள். சேர்ந்த அன்றே இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று யாரையும் கேட்காதே. யாருடைய ஃபைலுக்குள்ளும் எட்டிப் பார்க்காதே.

கையோடு வேலையை ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூடவே எழுந்து உட்காரும் வெட்டி ப்ரோக்ராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். டெம்ப் ஃபைல்களை அழித்தாள். யாரோ இறக்கிய மூன்று ஆன்டிவைரஸ்கள் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தன, இரண்டைத் தூக்கினாள். டிஸ்க்கில் துளி இடமில்லை, பட்டை முழுக்கச் சிவப்பு. டவுன்லோட்ஸைத் திறந்து எது பெரியது என்று வரிசைப்படுத்தினாள். எந்த ஹெல்ப்டெஸ்க் ஆளும் அதைத்தான் செய்வான்.

முதலில் இரண்டு சினிமா. மூன்றாவதாக ஒரு ஃபோல்டர். கிட்டத்தட்ட எழுநூறு எம்பி. பெயர் இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் அமிர்தநாதன் என்றும், ஐம்பத்தொன்பது என்றும், மார்ச் பன்னிரண்டு தேதியும் இருந்தன.

எட்டிப் பார்க்காதே என்பது அப்பாவின் பெயருக்குப் பொருந்தாது. திறந்தாள்.

கறுப்புத் திரையில் சாம்பல் நிறமாக ஏதோ துடித்தது. மெலிந்த கோடுகள் கிளை விட்டுப் பரவின, மறைந்தன, மறுபடி பரவின. கம்ப்யூட்டர் மந்தமாக இருந்ததால் ஒவ்வொரு துடிப்பும் பாதியில் நின்று, யோசித்து, பிறகு மீதியைத் துடித்தது. கூடவே ஒரு ரிப்போர்ட் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆஞ்சியோகிராம். மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு. அறுவை சிகிச்சை தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்று கடைசி வரி.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் இதயம். அது ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம், அது நின்று பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்ச் பன்னிரண்டு. அந்த வாரம் அப்பா பாண்டியில் தவக்காலத் தியானத்துக்குப் போனார். இரண்டு நாள். திரும்பி வந்து போனில், "சாமியார் பிரமாதமா பேசினாரும்மா, மனசு லேசாயிடுச்சு" என்று சொன்னார். அடப்பாவி மனுசா. தவக்காலத்திலா பொய் சொன்னாய்! இங்கேயே கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கிறது, காட்டினால் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். யார் கண்ணிலும் படக்கூடாது, எந்த ஃபைலிலும் ஏறக்கூடாது என்றுதானே அவ்வளவு தூரம் போயிருக்கிறார்? எதற்கு?

கதவு தட்டப்பட்டது. சட்டென்று திரையில் அந்த ஜன்னலைச் சுருக்கினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சண்முகசுந்தரம் தலையை நீட்டினார். அப்பாவோடு ஒரே செக்‌ஷன், இருபத்தைந்து வருடம். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். யூனியனில் ஏதோ பொறுப்பில் இருப்பவர். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"பாப்பா, படம் கெடச்சிருச்சாம்மா? ஸ்டுடியோக்காரன் ரெண்டு தடவ போன் போட்டுட்டான்."

"திறந்துக்கிட்டு இருக்கு அங்கிள். அரை மணி நேரம்."

அவர் போகவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னும் நாலரை மாசம்தான் சர்வீஸ் இருந்துச்சு. அக்டோபரோட முடியுது. ரெண்டு பேரும் சேந்து ராமேஸ்வரம் போறதா பேசி வெச்சிருந்தோம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த நேரத்துல இதச் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்லாம இருக்க முடியலம்மா. மனுசன் சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டாரு. ஜாஸ்பருக்கு வாரிசு வேலை கேட்டு ஒரு மனு போட்டு வெப்போம். கெடைக்கும்கிறான், கெடைக்காதுங்கிறான், ஆளுக்கொண்ணு பேசுறான். அது அவங்க கையில. கேக்குறது நம்ம கையில. ஒம்பது வருசமா அந்தப் பய கான்ட்ராக்ட்ல கெடந்து சீரழியுறான்."

"சரி அங்கிள்."

"நாளைக்கே குடுத்திரணும். ஆறப்போட்டா ஆறிப்போயிரும்."

அவர் போன பிறகு நான்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜாஸ்பருக்கு முப்பத்துநாலு. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் காபி வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது, தம்பி பெர்மனென்டா, கான்ட்ராக்டா என்று. அப்பா ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். இவன் மட்டும் பெர்மனென்ட் ஆகிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று வாய்க்கு வாய் சொல்வார். சொல்லிச் சொல்லி, கடைசியில் இப்படி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாரா?

கை தானாக பிரௌசரைத் திறந்தது. ஹிஸ்டரி. அதில் மூன்று மாதக் கதைதான் இருக்கும், அது போதும். ஜாக்கெட் டிசைன், ஞானப்பாட்டு வரிகள், கிரிக்கெட் ஸ்கோர், மறுபடி ஜாக்கெட். நாலு பேர் ஒரே பாயில் படுத்த மாதிரி எல்லாம் கலந்து கிடந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனாள். மார்ச் இருபத்தாறில் நின்றாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடியிருந்தது.

சர்வீஸ்ல இருக்கும்போது அப்பா இறந்தால் மகனுக்கு வேலை.

அதே வரி ஏப்ரல் இருபத்தொன்பதில். அதே வரி போன செவ்வாய்க்கிழமை, ஜூன் பத்தில்.

அப்பா, அப்பா என்று அவள் உதடு அசைந்தது. அழுகை இப்போதுதான் வந்தது. ஒரு மனிதன் தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் சாவுக்கு என்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்திருக்கிறான். ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த நேரம் கண்ணில் பட்டது. காலை பத்து ஐம்பத்திரண்டு.

மேஜைக்கு மேலே சுவரில் பங்குக் கோயில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. ஃபேன் காற்றில் அதன் தாள்கள் எழும்பி எழும்பி அடங்கின. அந்தக் காலண்டர் அப்பாவின் ராஜ்ஜியம். புத்தாண்டுப் பூசை முடிந்து வந்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, வருடம் முழுக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஷிப்ட்டைக் குறித்துவிடுவார். 'அ' என்றால் அவர். 'ஜா' என்றால் ஜாஸ்பர். பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. ஆஃப் என்றால் ஒரு பெருக்கல் குறி. முப்பத்துநாலு வருட சர்வீஸில் ஒரு நாள்கூட அவர் குறித்தபடி போகாமல் இருந்ததில்லை.

மார்ச்சைப் புரட்டினாள். இருபத்தாறு. அ ஒன்று. ஜா மூன்று.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் காலை ஆறு முதல் மதியம் இரண்டு. பத்து ஐம்பத்திரண்டுக்கு அப்பா சுரங்கத்துக்குள் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவன் ஜாஸ்பர். ஏப்ரலைப் பார்த்தாள். ஜூனைப் பார்த்தாள். மூன்று நாளும் அந்த நேரத்தில் அப்பா வேலையில் இருந்தார். அம்மாவுக்கு மைக் பொத்தானை அழுத்திப் பேசத்தான் தெரியும், எழுத்துக் கூட்டி அடிக்கத் தெரியாது.

நான்சி எழுந்து, கதவைத் திறந்து, வாசலில் பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்த அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

ஜாஸ்பர் வந்தான். நேற்றிலிருந்து அதே சட்டை. முழங்கைவரை பழுப்புப் புழுதி இன்னும் போகவில்லை.

"படம் கெடச்சுதா?"

அவள் சுருக்கி வைத்திருந்த ஜன்னலைப் பெரிதாக்கினாள். இதயம் துடித்தது. ஜாஸ்பர் திரையைப் பார்த்தான். இது என்ன என்று கேட்கவில்லை. அந்த ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"இத யாரு இதுல ஏத்தினது?"

"நான்சி, மெதுவா பேசு. அம்மா இருக்காங்க."

"யாரு ஏத்தினது?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "சிடி டிரைவுக்குள்ளயே இருந்துச்சு. அப்பா போட்டுப் பாத்துட்டு எடுக்க மறந்துட்டாரு. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்கு அனுப்பலாம்னு காப்பி பண்ணேன். அப்புறம் சிடிய அவரு பைக்குள்ளயே வெச்சுட்டேன்."

"அனுப்புனியா?"

தலையை ஆட்டினான், இல்லை என்று.

"மூணு மாசமா உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்." உடனே சொன்னான், அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வது போல. "ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்புல வெச்சுக் கேட்டேன். மூணு அடைப்பாம்டா, ஆப்ரேஷன் பண்ணணும்னு சொல்றான், ரிட்டயர் ஆவட்டும் பாத்துக்கலாம், அம்மா காதுல போட்டுடாத, அவ தாங்கமாட்டான்னாரு. பஸ் வந்துச்சு. ஏறிப் போயிட்டாரு."

"அப்புறம்?"

ஹாலில் செபமாலையின் ஒரு பத்து மணி முடிந்து அடுத்தது தொடங்கியது. ஜாஸ்பர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது தடவ நான் கேக்கல, நான்சி."

அவள் ஹிஸ்டரியைத் திறந்து அந்த மூன்று வரிகளையும் விரலால் காட்டினாள். "அப்பாகிட்ட ஒரு தடவ கேட்டிருக்க. இதுகிட்ட மூணு தடவ கேட்டிருக்க."

அவனுக்கு அடி விழுந்த மாதிரிதான் இருந்திருக்கும். விழட்டும் என்று நினைத்தாள். எழுந்து போய் நிஜமாகவே அறைய வேண்டும் போலவும் இருந்தது. இவன்தான் ஐடிஐ படிப்பை வைத்துக்கொண்டு, அவள் படிக்கட்டும் என்று கிடைத்த கான்ட்ராக்டில் போய் நின்றவன். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஒவ்வொரு தடவ தேடினப்பவும், இன்னைக்கு அவர இழுத்துக்கினு போய் அட்மிட் பண்ணிடணும்னு நெனப்பேன்" என்றான். "அப்புறம் ஷிப்ட்டு வந்துடும்."

"பொய் சொல்லாத."

"பாதி பொய்தான்." அவன் முகத்தைத் துடைக்கவில்லை, கண்ணீர் தாடைக்கு வந்து சொட்டியது. "எனக்காகத்தான் தள்ளிப் போடறாரோன்னு ஒரு நெனப்பு. அப்படி இருந்தா நான் போய், எனக்கு வேணாம்பா, நீங்க இருங்கன்னு சொல்லணும்ல? சொல்ல வாய் வரல. வாய் வரலன்னா, உள்ளுக்குள்ள எனக்கு வேணும்னுதான அர்த்தம்?"

நான்சி ஹிஸ்டரியை மட்டும் சுருக்கினாள். அவளும் கால் மணி நேரத்துக்கு முன்பு அதைத்தானே நினைத்தாள், அப்பா இவனுக்காகத்தான் செய்தார் என்று.

கதவு திறந்தது. அம்மா. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு லூசியம்மாள் தானே நடந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு படத்த எடுத்தியா? பாக்கணும் போல இருக்குது."

திரையில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மறைக்க நேரமில்லை. ஜாஸ்பர் எழுந்து நின்றுவிட்டான்.

"இது இன்னா, எல உதுந்த மரமாட்டம்?" அம்மா குனிந்து பார்த்தாள். "ஆடிக்கினு வேற இருக்குது."

ஜாஸ்பர் தங்கையைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அவனிடம் அதற்கு முன் கண்டதில்லை. சொல்லிவிடு என்கிறானா, சொல்லிவிடாதே என்கிறானா, அவனுக்கே தெரிந்திருக்காது. சொன்னால் இன்றைக்கு இந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் போவார்கள், ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்கு, ஒருவன் அம்மாவின் மனசை விட்டு. அது மட்டும் நான்சிக்கு நன்றாகத் தெரிந்தது.

"பழைய குப்பைம்மா" என்றாள். "இதெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கறதாலதான் ஸ்லோவா இருக்கு."

"அப்ப எடுத்துடேன். அத வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற? ஜனங்க அங்க காத்துக்கினு கெடக்குது."

நான்சி ஜன்னலை மூடினாள். இதயம் பாதித் துடிப்பில் நின்றது. ஃபோல்டரைத் தேர்ந்து அழித்தாள். நிச்சயம்தானா என்று கேட்டது. தினமும் அறுபது பேருக்கு, ஆமாம் சார், யெஸ் கொடுங்க என்று சொல்கிற கைதான், இன்றைக்கு நகர மறுத்தது. அம்மாவின் மூச்சு தோள்மேல் பட்டுக்கொண்டிருந்தது. யெஸ் கொடுத்தாள். பிறகு ஹிஸ்டரி. எல்லா நாளும். ஜாக்கெட் டிசைன்கள், ஞானப்பாட்டு வரிகள், எல்லாம் அதோடு போயின. ரீஸ்டார்ட் செய்தாள்.

இரண்டே நிமிடத்தில் எழுந்துவிட்டது. திருவிழாப் படங்கள் இருந்த ஃபோல்டர் தொட்டதும் திறந்தது. நீலச் சட்டை. தேர் வடத்துக்குப் பக்கத்தில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, யாரையோ கேலி செய்துவிட்டுச் சிரிக்கிறார். அம்மா கையை நீட்டித் திரையில் அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"எவ்ளோ சீக்கிரம் வந்துட்டாரு பாரேன்" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

நாலு மணிக்குச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். சண்முகசுந்தரம் பெட்டியின் முன்பக்கம் ஒரு கை கொடுத்தார். ஜாஸ்பர் பின்பக்கம். குழிக்குள் மண் போடும் முறை வந்தபோது எல்லாரும் ஒரு பிடி போட்டார்கள், ஜாஸ்பர் மட்டும் குனிந்து போட்டுக்கொண்டே இருந்தான். யாரோ தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பாசக்காரப் பையன் என்று பின்னால் ஒரு பெண் சொன்னது நான்சிக்குக் கேட்டது.

மறுநாள் காலை கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்ததும் வராததுமாகச் சண்முகசுந்தரம் மனுவின் மாதிரியோடு வந்துவிட்டார். இதே மாதிரி தேதி, விவரம் மாற்றி அடித்துக் கொடுத்தால் பத்து மணிக்கு அவரே கூட வந்து கொடுப்பார். வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

"எனக்கு அந்த வேல வேணாம்" என்றான் ஜாஸ்பர். கம்ப்யூட்டர் இருந்த அறையின் வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அத அம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றாள் நான்சி. "ஏன்னு கேப்பாங்க. பதில ரெடி பண்ணிக்கிட்டுப் போ."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தொண்டை கட்டி, யாருடைய குரலோ போல இருந்தது. "உக்காந்து அடிடா ஜாஸ்பரு. இந்த கம்பெனி வூட்ட காலி பண்ணுன்னு சொல்லிட்டான்னா எங்க போவோம்? அவரு ஆச அதான. போற நேரத்துலயாவது ஒனக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்காருன்னு நெனச்சுக்கினு அடி."

ஜாஸ்பர் வந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் உடனே திறந்தது, அவன் கைதான் சுணங்கியது. மாதிரியைப் பார்த்துப் பார்த்து இரண்டு விரலால் அடித்தான். மேற்படி எனது தந்தை திரு. அமிர்தநாதன் அவர்கள். நான்சி பின்னால் நின்று பிழை பார்த்தாள். அவன்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனாலும் நேற்று இரவெல்லாம் ஒரு நினைப்பு அவளை ஓரளவு தூங்கவிட்டது. அப்பாவே எடுத்த முடிவு. தெரிந்தே, மகனுக்காக, அவரே எடுத்த முடிவு. அப்படியென்றால் இவன் இரண்டாவது தடவை கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அந்த நினைப்பைத்தான் ஜாஸ்பரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஓய்வு பெற இருந்த நாள்னு போட்டிருக்குது" என்றான் திரும்பாமல். "அக்டோபர் முப்பதா, முப்பத்தொண்ணா? காலண்டர்ல குறிச்சிருப்பாரு பாரு."

நான்சி கை நீட்டித் தாள்களைப் புரட்டினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். எல்லாக் கட்டத்திலும் அ, ஜா, ஒன்று, இரண்டு, மூன்று. அக்டோபர் முப்பத்தொன்றில் ஒரு வட்டம், உள்ளே, கடைசி ஷிப்ட். அந்த வட்டத்திலிருந்து ஒரு சின்ன அம்புக்குறி தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது. விஷயம் அடுத்த பக்கத்திலும் இருந்தால் அப்பா அப்படித்தான் போடுவார்.

நவம்பரைத் தூக்கினாள்.

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், சிவப்பில் அச்சடித்தது. அதைத் தாண்டி ஐந்தாம் தேதிக் கட்டத்தில் பென்சிலில் எழுதியிருந்தது, பாண்டி, ஆப்ரேஷன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு நாலு கட்டத்திலும் ஷிப்ட் எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு மேலே எழுதியிருந்தார்.

ஜா லீவு. ஜா லீவு. ஜா லீவு. ஜா லீவு.

அப்பா பிழைக்கத் திட்டம் போட்டு வைத்திருந்தார். துணைக்கு ஜாஸ்பர் வருவான் என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தார். அவனிடம் சொல்லக்கூட இல்லை. கேட்டால் வரப்போகிறான், அதற்கென்ன இப்போதே என்று விட்டிருப்பார்.

"என்ன, பாத்துக்கினே நிக்கிற?" என்றான் ஜாஸ்பர். "முப்பதா?"

"முப்பத்தொண்ணு" என்றாள். "அக்டோபர் முப்பத்தொண்ணு."

அவன் அடித்தான். நான்சி தாள்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட், ஜூலை, ஜூன். ஃபேன் காற்று வந்து எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி தூக்கியது.

"கரண்ட் போறதுக்குள்ள முடிங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"இதோ ஆயிடுச்சும்மா" என்றான் ஜாஸ்பர். "இப்பல்லாம் இது சட்டுனு ஓடுது."

நான்சி காலண்டரின்மேல் உள்ளங்கையை வைத்துச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கடைசி வரிவரை அடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, எழுந்து வெளியே போகும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.